ஆபரேஷனுக்கு எத்தனை நாள் முன்னாடி சிகரெட்டை விடணும்? தையல், ஒட்டுத்தோல், எலும்பு, பல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு இழை

#1 · செவ்வந்தி

குடலிறக்க ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிய ஒருவரிடம் எட்டு வாரம் முன்னாடியே சிகரெட்டை விடணும் என்கிறார் ஒருவர். ஒரு நாள் விட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், "இப்போ போய் விட்டா நெஞ்சுல சளி கட்டிக்கும், ஆபரேஷன் முடிஞ்சதும் விட்டுக்கலாம்" என்கிறார். மூன்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு காரணம் இருக்கத்தான் செய்யும். புண் ஆறுவதை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்தக் கணக்கு எதற்கு என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

இன்னொன்று. சிகரெட்டை விடுவதற்காகத் தோலில் ஒட்டும் பேட்ச்சும் மெல்லும் சூயிங்கமும் நிகோட்டின்தானே, அது ரத்தக்குழாயைச் சுருக்காதா? பீடி பற்றியும் சொல்லுங்கள். தமிழில் தேடினால் எல்லாம் சிகரெட் கணக்காகவே கிடைக்கிறது.

#2 · மயக்கமருந்துக்காரர்

ஒரு நாள் கணக்கு எங்கள் ஆட்கள் சொல்வது. அது கார்பன் மோனாக்சைடுக்கான கணக்கு. இந்த வாயு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடிக்கும். தொடர்ந்து புகைப்பவரின் ரத்தத்தில் 5 முதல் 10 சதவீத ஹீமோகுளோபின் இப்படிச் சிறைப்பட்டிருக்கும். மீதி ஹீமோகுளோபினும் தன்னிடம் உள்ள ஆக்சிஜனைத் திசுவுக்கு விடத் தயங்கும். சாதாரணக் காற்றை மூச்சு வாங்கினால் இந்த வாயு 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால் 12 மணி நேரத்தில் பெரும்பகுதியும், 24 மணி நேரத்தில் ஏறக்குறைய முழுதும் வெளியேறிவிடும். நிகோட்டினின் அரை ஆயுள் 2 மணி நேரம்தான். முதல் நாள் இரவோடு நிறுத்தினால் காலையில் அதன் நேரடி விளைவும் இல்லை.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் ஒட்டியது என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளும். காலையில் இரண்டு சிகரெட் பிடித்துவிட்டு வந்தவருக்கும் 98 காட்டும்.

சளி கட்டும் என்பது 1989-இல் வந்த ஓர் ஆய்வின் நிழல். இதய ஆபரேஷனுக்கு முன்னால் எட்டு வாரத்துக்குள் விட்டவர்களுக்கு நுரையீரல் சிக்கல் கூடியதுபோல் அதில் தெரிந்தது. எண்ணிக்கை சிறியது, அந்த வேறுபாடும் உறுதியானதல்ல. பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அப்படி ஒரு கெடுதல் தெரியவில்லை. விட்ட முதல் வாரங்களில் சிலருக்கு இருமல் கூடுவது உண்மை. மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் மயிரிழைகள் மறுபடி வேலை செய்யத் தொடங்குவதன் அடையாளமாக அதைப் பார்க்கலாம். "இப்போது விடாதே" என்று சொல்ல அது காரணம் ஆகாது.

#3 · நூலும்_ஊசியும்

டாக்டர் சொன்னது மேஜையில் படுத்திருக்கும் நேரத்துக்கான கணக்கு. புண் ஆறுவது வாரக்கணக்கு விவகாரம்.

புண்ணில் ஆக்சிஜனுக்கு இரண்டு வேலை. வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கியபின் அதைக் கொல்வது ஆக்சிஜனிலிருந்து செய்யும் ரசாயனங்களால். அது குறைந்தால் கிருமி உள்ளேயே உயிரோடு இருக்கும், தையலில் சீழ் பிடிக்கும். அடுத்து கொலாஜன், புண்ணை இழுத்துப் பிடிக்கும் புரத இழை. அந்த இழைகள் முறுக்கேறிக் கயிறு ஆவதற்கு ஆக்சிஜன், இரும்பு, வைட்டமின் சி மூன்றும் வேண்டும். புகைப்பவர் உடலில் வைட்டமின் சி சீக்கிரம் செலவழிவதால் மற்றவர்களைவிட நாளுக்கு 35 மி.கி. கூடுதலாகச் சேர்க்கச் சொல்கிறார்கள். ஒரு கொய்யாவிலேயே அதைவிட நிறைய இருக்கிறது, மாத்திரை தேவையில்லை. ஆனால் கொய்யா தின்றுகொண்டே புகைத்தால் சரியாகிவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு சிகரெட் எவ்வளவு செய்யும்? 1991-இல் எட்டு ஆரோக்கியமான ஆட்களின் தோலுக்கடியில் ஆக்சிஜன் அழுத்தத்தை அளந்தார்கள். 65 ஆக இருந்தது புகைத்தபின் 44-க்கு இறங்கியது. பழைய நிலைக்கு வர அரை மணியிலிருந்து முக்கால் மணிக்கும் மேல் ஆனது. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் என்றால் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி புண் மூச்சுத் திணறலில் இருக்கிறது.

இனி வாரக்கணக்கு. 2003-இல் வெளியான டென்மார்க் ஆய்வில் 78 தன்னார்வலர்களுக்கு இடுப்புக்குக் கீழே சிறு வெட்டுப் புண் போட்டுத் தைத்துப் பார்த்தார்கள். புகைப்பவர்களின் புண்களில் 12 சதவீதத்தில் சீழ். புகைக்காதவர்களுக்கு 2 சதவீதம். நான்கு வாரம் விட்டவர்களுக்கு இந்தத் தொற்று தெளிவாகக் குறைந்தது. வெள்ளணுக்கள் தெம்பு பெற ஏறக்குறைய அந்த நான்கு வாரம் பிடிக்கிறது. கொலாஜன் பக்கம் அவ்வளவு சீக்கிரம் மீளவில்லை. அதனால்தான் விட்டபின்பும் தொற்று குறையும் அளவுக்குப் புண் பிளப்பதும் குடலிறக்கம் திரும்ப வருவதும் குறைவதில்லை.

ஆகவே செவ்வந்தி கேட்டதில் ஒரு நாள், எட்டு வாரம் என்ற கணக்குகள் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒரு நாள் ரத்தத்துக்கு, நாலு வாரம் வெள்ளணுவுக்கு, அதற்கு மேல் போவதெல்லாம் கொலாஜனுக்கும் நுரையீரலுக்கும். நாலு வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு புகையில்லாத வாரமும் ஆபரேஷன் பலனை 19 சதவீதம் கூட்டுவதாக உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது.

#4 · கட்டு_அறை

டிரெஸ்ஸிங் பிரிக்கும்போது கண்ணில் படுவதைச் சொல்கிறேன், வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பயன்படும்.

நன்றாக ஆறும் புண்ணின் தரை பச்சை மாமிச நிறத்தில் சிவந்து, மணல்மணலாக, லேசாகத் துடைத்தாலே ரத்தம் கசியும்படி இருக்கும். புகைப்பவர் புண் பல நேரம் வெளிறி, ஈரம் குறைந்து, மேலே மஞ்சள் படலம் பிடித்திருக்கும். துடைத்தாலும் ரத்தம் வராது. தையல் ஓரம் முதலில் நீலம் கலந்த சிவப்பாகும், பிறகு கறுக்கும். ஓரம் கறுத்தது தெரிந்தால் அடுத்த டிரெஸ்ஸிங் தேதி வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, தையலைச் சுற்றிப் பரவும் சிவப்பு, நாற்றம், திடீரென்று இளஞ்சிவப்புத் தண்ணீர் நிறைய வடிவது, இவை எல்லாமே அன்றே போகவேண்டிய காரணங்கள். வயிற்றுத் தையலில் இளஞ்சிவப்புத் தண்ணீர் வடிவது உள்தையல் விட்டதற்கு அறிகுறியாக இருக்கலாம்.

குளிர், வலி, உடம்பில் தண்ணீர் வற்றுவது மூன்றும் புகை செய்வதையே செய்யும், தோலின் ரத்தக்குழாயைச் சுருக்கும். ஆபரேஷன் முடிந்தவரைப் போர்த்தி வைக்கச் சொல்வதும் வலி மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்வதும் சொகுசுக்காக இல்லை.

தையல் பிரித்தாச்சு, இனி தம் அடிக்கலாம் என்ற கணக்கும் தப்பு. மூன்று வாரத்தில் தழும்புக்கு உள்ள பலம் பழைய தோலின் ஐந்தில் ஒரு பங்குதான். மூன்று மாதத்தில்தான் 80 சதவீதத்தை எட்டும்.

#5 · செவ்வந்தி

நன்றி சிஸ்டர். நாளுக்கு இருபது பிடிப்பவர் அஞ்சாகக் குறைத்தால்? முழுசா விட முடியாதவர்கள் கேட்பது இதுதான்.

#6 · நூலும்_ஊசியும்

பெரிய பலன் கிடையாது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு 6 முதல் 8 வாரம் முன்பிருந்து ஆலோசனையும் நிகோட்டின் மாற்று மருந்தும் கொடுத்துப் பார்த்த டென்மார்க் ஆய்வு ஒன்று 2002-இல் வந்தது. ஏதாவது ஒரு சிக்கல் வந்தவர்கள் உதவி பெற்ற குழுவில் 18 சதவீதம், மற்றதில் 52. புண் சம்பந்தப்பட்ட சிக்கல் 5-க்கு எதிராக 31. அதில் முழுக்க விட்டவர்களுக்குத்தான் லாபம், குறைத்தவர்களுக்குத் தெரியவில்லை.

காரணம் எளிது. அஞ்சாகக் குறைத்தவர் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்து, ஃபில்டர் சுடும்வரை பிடித்து, மூச்சை உள்ளே நிறுத்தி, பழைய நிகோட்டின் அளவைக் கொண்டுவந்துவிடுவார். உடம்பு கேட்பது அந்த அளவைத்தான், எண்ணிக்கையை இல்லை.

#7 · மாத்திரைப்பெட்டி

நிகோட்டின் கேள்விக்கு என் பங்கு. மேலே சொன்ன 2003 ஆய்வில் விட்டவர்களில் பாதிப் பேருக்கு நிகோட்டின் பேட்ச், மீதிப் பேருக்கு வெற்று பேட்ச். தொற்றில் வித்தியாசம் இல்லை. புகையில் நிகோட்டினோடு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து வரும், நிகோட்டினும் சில நொடியில் மூளைக்கு ஏறி அட்ரினலினை உசுப்பிவிடும். பேட்ச்சில் அது மெதுவாக, சமமாக, குறைந்த அளவில் ஏறும்.

நாளுக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவர் 21 மி.கி. பேட்ச்சில் தொடங்கி ஆறு வாரம், பிறகு 14 இரண்டு வாரம், 7 இரண்டு வாரம். பத்து அல்லது அதற்குக் கீழே என்றால் 14-இல் தொடங்கலாம். மேல்கை, தோள், இடுப்பு என்று முடியில்லாத காய்ந்த தோலில் ஒட்டவும். எண்ணெய், க்ரீம் பூசிய இடம் ஆகாது. ஒரே இடத்தில் ஒரு வாரத்துக்குள் மறுபடி ஒட்டினால் தடித்துச் சிவக்கும். கெட்ட கனவு வந்தால் இரவில் கழற்றிவிடலாம். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்துக் குழந்தைக்கு எட்டாமல் போடுங்கள், அதில் இன்னும் மருந்து மிச்சம் இருக்கும். எம்.ஆர்.ஐ.க்குப் போனால் முன்கூட்டியே சொல்லிக் கழற்றவும். சில பேட்ச்சில் அலுமினியத் தாள் இருக்கும், தோலைச் சுடும்.

சூயிங்கத்தைப் பபுள்கம் மாதிரி மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். காரம் தெரியும்வரை மெதுவாக மெல்லணும், தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கணும், காரம் அடங்கினால் திரும்ப மெல்லணும். ஒன்று அரை மணி நேரம். காபி, பழரசம், சோடா குடித்து 15 நிமிடம் ஆகாமல் போட்டால் வாயின் புளிப்பால் நிகோட்டின் உள்ளே ஏறாது. "கம் போட்டேன், ஒண்ணும் ஆகலை" என்கிறவர்களில் நிறையப் பேர் காபி டம்ளரும் கையுமாகப் போட்டவர்கள். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் என்றால் 4 மி.கி., இல்லையென்றால் 2 மி.கி. முதல் வாரங்களில் மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று என்று நேரம் வைத்துப் போடணும். தவிப்பு வந்தபிறகு தேடினால் சிகரெட்தான் முதலில் கைக்கு வரும். ஆபரேஷன் அன்று காலையில் வாயில் கம் வேண்டாம், பேட்ச் ஒட்டியிருந்தால் மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள்.

புகையை விட உதவும் மாத்திரைகளான வரெனிக்லைன், புப்ரோபியான் இரண்டும் டாக்டர் சீட்டோடு மட்டும். இரண்டையுமே விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்னாடியாவது தொடங்கவேண்டும் என்பதால் பத்து நாளில் ஆபரேஷன் என்பவருக்கு உடனடிப் பலன் குறைவு. வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது.

#8 · ஒட்டுத்தோல்

இங்கே ஒரு தடை போட வேண்டியிருக்கிறது. "பேட்ச் பாதுகாப்பு" என்பதை எல்லா ஆபரேஷனுக்கும் நீட்டிவிடாதீர்கள்.

சாதாரண வெட்டுத் தையலில் தோலின் அடி ரத்த ஓட்டம் அப்படியே இருக்கிறது. தோலை அடியிலிருந்து பிரித்துத் தூக்கி நகர்த்தும்போது, அந்த மடலின் நுனி தோலுக்கடியில் ஓடும் மெல்லிய குழாய் வலையை மட்டும் நம்பி உயிர் வாழ்கிறது. அங்கே கொஞ்சம் சுருக்கம் போதும், நுனி கறுக்கும். முகத்தோல் இழுத்துத் தைக்கும் ஆபரேஷனில் புகைப்பவர்களுக்குத் தோல் செத்து உரியும் அபாயம் 12 மடங்குக்கு மேல் என்று 1984-இலேயே எழுதிவைத்தார்கள். துண்டான விரலை ஒட்டினால் இன்னும் மோசம். ஒரு மில்லிமீட்டர் அளவுக் குழாயை நுண்ணோக்கியில் தைத்திருக்கிறோம், அது சுருங்கினால் உள்ளே ரத்தம் உறைந்துவிடும். அந்த வார்டில் குளிரும் ஆகாது, பக்கத்தில் இருப்பவரின் புகையும் ஆகாது. எங்களில் பலர் காபியும் வேண்டாம் என்பார்கள்.

அதனால் மடல் ஆபரேஷனுக்கும் விரல் ஒட்டுவதற்கும் எந்த வடிவ நிகோட்டினும் வேண்டாம் என்பது எங்கள் பக்க வழக்கம்.

#9 · நூலும்_ஊசியும்

ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பேட்ச் வேண்டாம் என்று தடுத்து, அவர் மூன்றாம் நாள் வார்டு கழிவறையில் பீடி பற்றவைத்தால் நாம் ஜெயித்ததாக ஆகாது. பேட்ச் இல்லாமல் தாங்குவாரா என்று முன்கூட்டியே பார்க்கணும். திட்டமிட்ட மடல் ஆபரேஷன் என்றால் நாலு வாரம் தள்ளிப்போட்டு, அதற்குள் பேட்ச்சையும் இறக்கிவிடலாம். நேரம் இல்லாத விபத்துக் கேஸில் பீடியா பேட்ச்சா என்று வந்தால் பேட்ச்தான்.

#10 · ஒட்டுத்தோல்

விபத்துக் கேஸில் சரி. விரல் ஒட்டியதில் மட்டும் என் பதில் மாறாது.

#11 · கடைவாய்

பல் பிடுங்கியபிறகு கதை கொஞ்சம் வேறு. குழியில் உறைந்த ரத்தக்கட்டிதான் அங்கே டிரெஸ்ஸிங். புகையை இழுக்கும் உறிஞ்சல் அதைப் பெயர்க்கும், சூடும் நிகோட்டினும் புதிய கட்டி உருவாவதைக் கெடுக்கும். எலும்பு வெறுமையாகத் தெரியும். வலி பிடுங்கிய அன்று வராமல் இரண்டாம் மூன்றாம் நாளில் கிளம்பி, காதுவரை இழுத்து, நாற்றமும் சேரும். கீழ்த்தாடை ஞானப்பல்லில் இது அதிகம். வீட்டில் ஆன்டிபயாடிக் விழுங்குவதால் தீராது. பல் டாக்டர் குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய் சேர்ந்த மருந்து வைக்கணும், ஒரு நாளில் வலி இறங்கும்.

குறைந்தது 72 மணி நேரம் புகை வேண்டாம், இரண்டு வாரம் என்றால் நல்லது. ஸ்ட்ரா வேண்டாம், வேகமாகத் துப்பவும் வேண்டாம். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே வேண்டாம். மறுநாள் முதல் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, வாயில் வைத்துத் தானாக வழியவிடணும். இங்கே சூயிங்கம் வேண்டாம், பேட்ச்தான். ஹான்ஸ், கூல் லிப் மாதிரி உதட்டுக்குள் வைப்பவற்றில் புகை இல்லை என்று நினைக்கிறார்கள். நிகோட்டினும் உண்டு, துகள் நேரே குழிக்குள் போகும்.

ஒரு விசித்திரம்: புகைப்பவரின் ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் வராது, குழாய்கள் சுருங்கிக் கிடப்பதால். விட்ட சில வாரத்தில் பல் தேய்த்தால் ரத்தம் வரும், வாய்ப்புண்ணும் சிலருக்கு வரும். "விட்டதாலதான் வந்துச்சு" என்று மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள்.

#12 · கணுக்கால்

எலும்புக்கும் இதே ரத்தம்தான். கீழ்க்கால் எலும்பு முறிவு புகைப்பவர்களுக்குச் சேரத் தாமதமாகும், சேராமல் போவதும் கூடுதல். அந்த எலும்பின் முன்பக்கம் தோலைத் தவிர மூடுவதற்குச் சதையே இல்லை, அதனால் தோல் ஆறாவிட்டால் கம்பி வெளியே தெரியும்.

விபத்தில் வந்தவருக்கு நாலு வாரம் முன்னாடி என்ற பேச்சே கிடையாது. அப்படிப்பட்டவர்களையே எடுத்துக்கொண்டு ஸ்டாக்ஹோமில் ஓர் ஆய்வு, 2010-இல் வெளியானது. ஆபரேஷன் ஆன ஓரிரு நாளில் விடவைக்கும் முயற்சியைத் தொடங்கி ஆறு வாரம் தொடர்ந்தார்கள். சிக்கல் வந்தவர்கள் 38 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கினார்கள். "இனிமே விட்டு என்ன பிரயோஜனம்" என்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கேட்பவருக்கு இந்த எண்ணைச் சொல்லலாம்.

#13 · மயக்கமருந்துக்காரர்

பீடி விட்டுப்போச்சு. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் 4. நம் ஊர் வார்டுகளுக்குப் பீடிதான் பெரிய கேள்வி. உள்ளே புகையிலை சிகரெட்டைவிட வெகு குறைவு, அதனால் லேசானது என்று தோன்றும். ஆனால் இலைச் சுருள் காற்று புகாதது, விடாமல் இழுக்காவிட்டால் அணைந்துபோகும். அடிக்கடி, ஆழமாக இழுப்பதால் கார்பன் மோனாக்சைடு குறைவாக வருவதில்லை. பேட்ச் அளவு கணக்கிடும்போது "பீடிதானே" என்று தள்ளுபடி கொடுக்காதீர்கள்.

கூடவே ஒரு எச்சரிக்கை. ஐம்பது வயதுக்குக் கீழே, பீடியோ சிகரெட்டோ பிடிப்பவர், சர்க்கரை இல்லை, கால்விரலில் ஓயாத வலி, ஆறாத புண், விரல் நுனி கறுக்கிறது என்றால் பர்ஜர் நோயா (புகையிலையால் கை கால் ரத்தக்குழாய்கள் அடைபடும் நோய்) என்று ரத்தநாள டாக்டர் பார்க்கவேண்டும். அந்த ஒரு நோயில் பேட்ச்சும் கம்மும்கூட நோயை உயிரோடு வைத்திருக்கலாம், எல்லா நிகோட்டினையும் நிறுத்தவேண்டும். முழுக்க விட்டவர்களுக்குக் காலை எடுக்கும் நிலை அரிதாகவே வருகிறது.

#14 · மாத்திரைப்பெட்டி

இன்னொரு கோணம், வார்டில் அடிக்கடி தவறவிடுவது. புகையிலுள்ள தார் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டி, தியோஃபிலின் (மூச்சிரைப்புக்கு), குளோசபின், ஒலான்சபின் (மனநோய்க்கு) மாதிரி மருந்துகளை வேகமாகக் கரைக்கும். புகை நின்றதும் ஒரு வாரத்துக்குள் அதே மாத்திரை அதிக டோஸ் ஆகிவிடும். பேட்ச் போட்டாலும் இது மாறாது, காரணம் தார். இவற்றைச் சாப்பிடுகிறவர் விடும் தேதியை மருந்து எழுதியவரிடம் முன்னாடியே சொல்லணும். சர்க்கரை மருந்து எடுப்பவர்கள் முதல் வாரங்களில் சர்க்கரையை அடிக்கடி பார்க்கணும். காபியும் இதே நொதியில்தான் கரைகிறது. விட்டபின் படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால் பாதி காபியின் வேலையாக இருக்கும். பாதியாகக் குறையுங்கள்.

#15 · செவ்வந்தி

ஆபரேஷனுக்கு முன் கோட்டினின் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்களே, பேட்ச் போட்டவருக்கு என்ன காட்டும்?

#16 · கணுக்கால்

புகைப்பவர் என்றுதான் காட்டும். கோட்டினின் என்பது நிகோட்டின் கரைந்து வருவது, அது பேட்ச்சிலிருந்து வந்ததா பீடியிலிருந்தா என்று அதற்குத் தெரியாது. விட்ட பிறகும் சிறுநீரில் சில நாள் தெரியும். ஊதிப் பார்க்கும் கார்பன் மோனாக்சைடு கருவி பேட்ச்சைக் கண்டுகொள்ளாது, ஆனால் நேற்றுப் பிடித்ததையும் கண்டுகொள்ளாது. பேட்ச் போடுகிறேன் என்று எழுத்தில் கொடுத்துவிட்டு டெஸ்ட்டுக்குப் போங்கள், வீண் சந்தேகம் வராது.

#17 · கட்டு_அறை

விடும் தேதி குறிப்பவர்களுக்கு: தவிப்பு இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம். அந்த நாளும் ஆபரேஷன் நாளும் ஒன்றாக விழாதபடி பாருங்கள். 1800-11-2356 இலவச எண், தமிழிலும் பேசுகிறார்கள். நடுவில் ஒரு தம் அடித்துவிட்டால் தேதியை ரத்து செய்யாதீர்கள். பேட்ச்சைக் கழற்றாதீர்கள். ஆபரேஷன் செய்பவரிடம் மறைக்காமல் எந்தத் தேதி, எத்தனை என்று சொல்லுங்கள். வடிகுழாயை எத்தனை நாள் வைப்பது, தையலை எப்போது பிரிப்பது என்பதை அதைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள்.